மிக்சி சத்தத்தில் கலையும் ஞானம்: முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆன்ம ஞான முகாம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. உங்கள் நோட்டீசுகள் நன்றாகப் பழக்கம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் என் வீடு. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றபின் மாடியில் உள்ள இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். உங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் சிலர் அங்கே தங்குகிறார்கள். நீங்கள் அவர்களை விடியற்காலையிலிருந்து இரவு வரை கூடத்தில் பார்க்கிறீர்கள். நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்க்கிறேன். வெந்நீர் கேட்டு இறங்கி வரும்போது, முகாம் முடிந்தும் ஊருக்குப் போக மனமில்லாமல் இன்னும் நான்கு நாள் இருக்கட்டுமா என்று கேட்கும்போது. இந்த மடல் எழுத என் தகுதி அவ்வளவுதான். அப்புறம், பதினோரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் கைவல்ய நவநீதம் என்ற தமிழ் வேதாந்த நூலைப் பாடம் கேட்கிறேன். இன்னும் முடிந்தபாடில்லை. அவருக்கும் அவசரமில்லை, எங்களுக்கும் இல்லை.

போன மாசியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து தங்கினான். சாப்ட்வேர் வேலை, இருபத்தெட்டு வயது இருக்கும். ஏழு நாள் முகாம். ஐந்தாம் நாள் இரவு படியேறும் முன் என் வாசலில் நின்றான். முகம் அப்படி ஒரு தெளிவு. “ஆன்ட்டி, கிடைச்சிடுச்சு” என்றான். எது என்று கேட்டேன். நாற்பது நிமிடம் தான் என்பதே இல்லை, எல்லாம் ஒன்றாக இருந்தது என்றான். எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சட்னிக்கு மிக்சியைப் போட்டேன். தடதடவென்று இறங்கி வந்தான். “ஆன்ட்டி, காலையில மட்டும் மிக்சி போடாம இருக்க முடியுமா? அந்த நிலை கலைஞ்சு போயிடுது.”

சரி என்று இரண்டு நாள் கொல்லைப்புறத்து அம்மியில் அரைத்தேன். கை வலித்தது. அரைத்துக்கொண்டே யோசித்ததுதான் இந்த மடல்.

அவனை நான் குறை சொல்லவில்லை. நாற்பது நிமிடம் அவனுக்கு நேர்ந்தது பொய்யும் அல்ல. ஏழு நாள் போன் இல்லாமல், அரைவயிறு சாப்பிட்டு, மூச்சைக் கவனித்து, பேசாமல் உட்கார்ந்தால் மனம் அடங்கும். அடங்கினால் சுகமாக இருக்கும். அது நல்லதுதான். அதற்கு நீங்கள் என்ன பெயர் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பினீர்கள் என்பதுதான் என் கேள்வி. அவன் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதில் ‘ஆத்ம சாட்சாத்காரம், முதல் நிலை’ என்று அச்சடித்திருந்தது. தன்னைத் தானே நேராக உணர்வதாம். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், இப்படி ஒரு பாடத்துக்கு மதிப்பெண் போட எனக்குத் துணிவு வந்திருக்காது.

1902 வாக்கில் விரூபாட்ச குகையில் இருந்த ரமண மகரிஷியிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு ஊழியர் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம். உங்கள் முகாம் வாசலில் அதை மேசை போட்டு விற்கிறீர்கள். அதிலேயே இருக்கிறது, பிராணாயாமம் மனத்தை அடக்க உதவுமே தவிர மனோநாசம் செய்யாது, அதாவது மனத்தை அடியோடு அழிக்காது என்று. மூச்சு அடங்கியிருக்கும் வரை மனம் அடங்கியிருக்கும், மூச்சு வெளிப்பட்டால் மனமும் வெளிப்பட்டு அலையும். 1927-ல் எழுதிய உபதேச உந்தியாரிலும் மனத்தின் ஒடுக்கம் இரண்டு வகை என்று பிரிக்கிறார்: தற்காலிகமாக அடங்கும் இலயம், அடியோடு அழியும் நாசம். இலயித்தது திரும்ப எழும். இதற்கு அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவம் செய்த ஒருவர் சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். நூற்றுக்கணக்கான வருடங்கள் ஓடின. சீடன் இல்லை, ஊர் இல்லை. கண் விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல்: “தண்ணீர் எங்கே?” அத்தனை வருடம் உட்கார்ந்தவருக்கே தாகம் விட்ட இடத்தில் தொடர்ந்திருக்கிறது. நம் பையனுடையது நாற்பது நிமிடம்.

1896 ஜூலையில் மதுரை வீட்டு மாடியில் பதினாறு வயது வேங்கடராமனுக்கு, பின்னால் ரமணரானவருக்கு, வந்த மரண பயத்தை நீங்கள் எல்லா முகாமிலும் சொல்கிறீர்கள். எல்லோரையும் பிணம் மாதிரிப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, அதே போல நடத்திப் பார்க்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். வேங்கடராமனுக்கு அது தானாக வந்தது, யாரும் நடத்தி வைக்கவில்லை. அதைவிட முக்கியம், அதன்பிறகு என்ன ஆனது என்று அவர் சொன்னது. மற்ற எண்ணங்கள் ஸ்வரங்கள் மாதிரி வந்து வந்து போயின, ‘நான்’ என்பது சுருதி மாதிரி அடியில் விடாமல் நின்றது என்றார். கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும், ஸ்வரம் எத்தனை அழகாக இருந்தாலும் அடுத்த நொடி இருக்காது. தம்புரா யார் காதிலும் தனியாக விழுவதில்லை, அது நின்றால்தான் தெரியும். கோயம்புத்தூர்ப் பையன் ஓர் அழகான ஸ்வரத்தைக் கேட்டான். அதைச் சுருதி என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது அது போய்விட்டது என்று தவிக்கிறான்.

ஆமாம், போய்விட்டது. ஊருக்குப் போய் மூன்று வாரத்தில் போன் செய்தான். அலுவலகத்தில் மேலாளர் ஏதோ கத்தியிருக்கிறார், இவனுக்குக் கோபம் வந்திருக்கிறது, “ஞானம் போயிடுச்சு ஆன்ட்டி” என்றான். உங்களிடம் கேட்டதற்கு இரண்டாம் நிலைக்கு வரச் சொன்னீர்களாம். பிறகு மூன்றாம் நிலை. வைகாசியில் வேலையை விட்டுவிட்டான். இதை அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, வாடகை ரசீதைப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் திண்ணை வகுப்பில் பத்தாவது ஆள் கதையை வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்டுவிடுவோம். கைவல்யத்திலும் வரும். பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி ஒருவன் எண்ணுகிறான், ஒன்பது. இன்னொருவன் எண்ணுகிறான், ஒன்பது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். வழிப்போக்கன் வந்து, “நீதானப்பா பத்தாவது ஆள்” என்கிறான். அவ்வளவுதான். புதிதாக ஒருவன் வந்து சேரவில்லை. அழுதுகொண்டிருந்தபோதும் அவன் பத்தாவது ஆளாகத்தான் இருந்தான். ரமணரும் தாம் எழுதிய உள்ளது நாற்பதில் இந்தத் தசமனை, அதாவது பத்தாவது ஆளைக் கொண்டுவருகிறார். தேடும்போதும் கண்டபோதும் தசமனைத் தவிர வேறு யார் அவன் என்று கேட்கிறார்.

இந்தக் கதையை நீங்களும் சொல்வீர்கள், தெரியும். நீங்கள் சொல்லாமல் விடும் பகுதி பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய பஞ்சதசியில் இருக்கிறது. தான்தான் பத்தாவது ஆள் என்று தெரிந்ததும் அழுகை நின்றுவிடுகிறது. ஆனால் அடித்துக்கொண்ட தலையில் காயம் இருக்கிறதே, அது உடனே ஆறுவதில்லை. மெல்ல மெல்ல ஆற ஒரு மாதம் பிடிக்கிறது என்கிறார். முதல் தடவை பெரியவர் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரம்ம ஞானத்தைப் பற்றிப் பேசும் நூலில் தலைக்காயத்துக்குக் கணக்கு! பின்னால்தான் அதில் இருக்கும் கருணை புரிந்தது. ஒருவனுக்கு உண்மை விளங்கியிருக்கலாம், அதோடு பழைய கோபமும் பழைய பயமும் காயம் ஆறுகிற வேகத்தில்தான் போகும். கோபம் வந்தது என்பதற்காக அவன் மறுபடி ஒன்பது பேராகிவிடவில்லை. இதை யாராவது அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால் இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டியிருக்க மாட்டான். அதனால்தான் சொல்லவில்லையோ என்று நினைக்கக் கூடாதுதான். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உள்ளது நாற்பது முப்பத்து மூன்றாம் பாடலைப் பதம் பிரித்துச் சொல்கிறேன்: “என்னை அறியேன் நான், என்னை அறிந்தேன் நான் என்னல் நகைப்புக்கு இடன் ஆகும்.” ஏன் நகைப்பு? தன்னை ஒரு பொருளாக வைத்துப் பார்க்க இரண்டு ‘தான்’ இருக்கிறதா என்று அடுத்த அடியில் கேட்கிறார். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று வருந்துகிறவனைப் பார்த்துச் சிரிப்பது சரி, ‘எனக்குத் தெரிந்துவிட்டது’ என்பவனையும் அதே வரிசையில் நிறுத்துகிறார் பாருங்கள். சான்றிதழ் அச்சடிக்கும் அச்சகத்தில் இந்தப் பாட்டை ஒட்டி வைக்கலாம்.

இன்னொன்று ‘நான் யார்’ என்பதை ஜபமாகச் சொல்லவைப்பது. நூற்றெட்டு முறை, மைக்கில், கூட்டாக. எங்கள் தெரு வரை கேட்கிறது. உள்ளது நாற்பதின் இருபத்தொன்பதாம் பாடல், ‘நான் என்று வாயால் நவிலாது’ என்றுதான் ஆரம்பிக்கிறது. உள்ளே ஆழும் மனத்தால் அந்த ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று நாடுவதுதான் ஞானநெறி என்கிறது. எண்ணம் எழுந்தால் இது யாருக்கு என்று பார்ப்பது ஒரு பார்வை. அதற்கு மைக் தேவைப்படாது.

இனி எழுதப்போவதுதான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா. வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம். மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று மகள் உங்களில் ஒருவருடைய முகாமில் சேர்த்துவிட்டாள். மூன்றாம் நாள் அந்த அம்மா கூடத்தில் அழுதிருக்கிறார். ஆசிரியர் எல்லோர் முன்னாலும், “யார் இறந்தது? உடம்புதானே? உலகமே மாயை. அழுகிறீர்கள் என்றால் இன்னும் அஞ்ஞானத்தில் இருக்கிறீர்கள்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அம்மா அழுவதில்லை. என் வீட்டில் உட்கார்ந்து வெறித்த பார்வையோடு, “அழுதா தப்பா டீச்சர்?” என்று கேட்டார்.

ஐயா, மாயை என்றால் என்னவென்று முதலில் நமக்குள் சரிபார்த்துக்கொள்வோம். அத்வைதம் உலகம் இல்லவே இல்லை என்று சொல்வதில்லை. இல்லவே இல்லாததற்கு முயற்கொம்பு என்று பெயர். யாரும் முயற்கொம்பைப் பார்த்து ஏமாந்ததில்லை. உலகத்தை மித்தை என்கிறது சாத்திரம். தோன்றுகிறது, புழங்குகிறது, ஆனால் தனியாகத் தன் காலில் நிற்பதில்லை. சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் மண்பாண்டத்தையும் வைத்துச் சொன்னது இதுதான். பானை என்பது பெயரும் உருவமும், மண்தான் உண்மை. அதற்காகப் பானையில் தண்ணீர் நிற்காது என்று அவர் சொல்லவில்லை. பானை உடைந்தால் தண்ணீர் கொட்டும், தாகம் எடுக்கும். புழங்கும் தளம் ஒன்று, பரமார்த்தம் என்ற முடிவான உண்மை ஒன்று. இங்கே நிற்கிறவரிடம் அங்கிருந்து பேசினால் அது ஞானம் ஆகாது, மரியாதைக் குறைவு.

அந்த உத்தாலகரையே பாருங்கள். மகன் பன்னிரண்டு வருடம் வேதம் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற இறுமாப்போடு இருபத்து நான்கு வயதில் திரும்பி வருகிறான். அப்பா ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்கிறார். உப்பைத் தண்ணீரில் கரைத்து மேலே, நடுவே, அடியில் என்று சுவைக்கச் சொல்கிறார். ‘அதுவே நீ’ என்று ஒன்பது தடவை சொல்கிறார். மகன் ஒவ்வொரு தடவையும், இன்னும் விளக்குங்கள் என்கிறான். அப்பா சலித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்பவனை அஞ்ஞானி என்று சபையில் நிறுத்தவும் இல்லை.

ரமணரிடம் எச்சம்மாள் வந்த கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கணவர், மகன், மகள் என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். பிறகு பல வருடங்கள் தினமும் மலைக்குச் சோறு கொண்டுபோனார். வளர்த்த பெண்ணும் இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தபோது அதைக் கொண்டுபோய் ரமணர் கையில் கொடுத்தார். படித்த ரமணரின் கண்களில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரை எந்த நிலையில் சேர்ப்பீர்கள், முதலிலா, மூன்றிலா? அந்த அம்மாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து கொஞ்சம் அழுதோம். எனக்கும் அழ ஆள் இருந்தார்கள்.

ஞானம் வந்துவிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மாடியில் தங்கிய ஒரு பெண் மனச்சோர்வுக்கான மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றாள். சாட்சியாகப் பார்த்தால் போதும் என்று கூடத்தில் யாரோ சொன்னார்களாம். அவளை ஊருக்கு அனுப்பிவைக்க அவள் அண்ணன் வரவேண்டியிருந்தது. ரமணருக்கு இடக்கையில் வந்த புற்றுக்கட்டியை 1949-ல் மட்டும் நான்கு தடவை அறுத்தார்கள். டாக்டர்கள் வந்தார்கள், ஹோமியோபதி வந்தது, பச்சிலை வந்தது. யாரையும் அவர் வேண்டாம் என்று விரட்டவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு உடல் விட்டார். எய்த அம்பு இலக்கில் விழுந்தே தீரும், பிராரப்தமும், அதாவது பலன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினையும், அப்படி என்று அத்வைத நூல்கள் காலகாலமாகச் சொல்கின்றன. ஞானியின் உடம்புக்கே வைத்தியம் பார்த்தார்கள். சாதாரணப் பெண்ணின் மாத்திரையை நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பணிவாகப் பேசப்போவதில்லை.

வேலையை விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டை விட்டுவிடட்டுமா என்று கேட்டு வந்தவர்களை ரமணர் பெரும்பாலும் வீட்டுக்கே அனுப்பினார். அத்வைத ஞானி நிசர்கதத்தர் மும்பையில் பீடிக் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார். ஆசிரம நிர்வாகம் சிக்கலாகக் கூடாது என்று 1938-ல் உயில் எழுதி வைக்கவும் ரமணருக்கு நேரம் இருந்தது.

எல்லாம் ஒன்று என்பதால் நடத்தையில் என்ன பேதம் என்று உங்களில் சிலர் கட்டண விஷயத்திலும் வேறு விஷயங்களிலும் பேசுகிறீர்கள். சங்கரர் பெயரில் வழங்கும் ஒரு சுலோகத்தை ரமணர் தமிழில் தந்திருக்கிறார்: அத்துவிதம் என்றும் அகத்து உறுக, ஒருபோதும் செய்கையில் ஆற்றற்க. எல்லாம் ஒன்று என்பது உள்ளத்தில் இருக்கட்டும், அதை நடத்தையில் கொண்டுவராதே என்று பொருள். அதே வெண்பா, குருவோடு அத்துவிதம் ஆகாது என்று முடிகிறது. அந்தக் கடைசி அடியை மட்டும் நீங்கள் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் அடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது உங்களையும் கட்டுப்படுத்தும்.

முகாமே நடத்தாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழு நாள் மௌனமாக இருப்பது யாருக்கும் நல்லது. என் அறைகளும் நிரம்புகின்றன, அதையும் மறைக்கவில்லை. மனம் அமைதியாகும், நல்ல தூக்கம் வரும், கோபம் கொஞ்சம் குறையும் என்று நோட்டீசில் போடுங்கள். உண்மை அது, கூட்டமும் வரும். ஞானம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சான்றிதழை நிறுத்துங்கள். அனுபவம் வந்தால் அது போகும் என்று முதல் நாளே சொல்லுங்கள். விவேகம், வைராக்கியம், சமம் தமம் (மன அடக்கம், புலனடக்கம்) முதலிய ஆறு, முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை) என்று நான்கு தகுதிகளை நூல்கள் முதலில் வைத்திருப்பது ஆட்களைத் தடுக்க அல்ல, விழாமல் காக்க என்று பெரியவர் சொல்வார். துக்கத்தில் இருப்பவரைக் கூடத்தில் நிறுத்திப் பேசாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களை அவர்களுடைய டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

பையன் ஆடியில் மறுபடி வந்தான், முகாமுக்கு அல்ல. இரண்டு நாள் சும்மா தங்கினான், மலையைச் சுற்றினான். இரண்டாம் நாள் காலை மிக்சி போடலாமா என்று மாடிப்படியில் நின்று கேட்டேன். அவன் இறங்கி வந்து தேங்காய் உடைத்துக் கொடுத்தான். ரமணர் ஆசிரமச் சமையலறையில் விடியற்காலையில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், கீரைத் தண்டைக்கூட வீணாக்க விடமாட்டார் என்று சொல்லிக்கொண்டே அரைத்தேன். அந்த அம்மிச் சத்தம் என்ன குறைந்த சத்தமா என்று அவனே கேட்டான். வேலை தேடிக்கொண்டிருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அடுத்த முகாமின் நோட்டீசை யாரோ என் வீட்டு மதிலில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ‘ஏழே நாளில் ஞானம்’ என்பதில் கடைசிச் சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஓய்வு’ என்று எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம், மன்னிக்கவும். பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்த சுவர், அடுத்த முறை பசை தடவுமுன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறை வாடகைக்கு விடும் ஒரு பழைய தமிழாசிரியை,
திருவண்ணாமலை